கல் வீட்டுக்கு வரலாம், தூசி வரலாகாது

கோடை விடுமுறை முடிந்த வாரத்தில், திருவொற்றியூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தம் பேரனுடன் எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வந்தார். சிறுவன் கைக்குட்டையை அவிழ்த்து ஏழெட்டுக் கற்களை மேசைமீது பரப்பினான். காங்கயத்துக்கு அருகே, உறவினரின் மேய்ச்சல் காட்டில் குடும்பத்தோடு தேடிப் பொறுக்கியவை அவை. "தாத்தா வீட்டு மெஷின்ல சாணை பிடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கார், டாக்டர்" என்றான் பெருமையுடன். அப்போது எங்கள் கையில் இருந்தது அந்தத் தாத்தாவின் எக்ஸ்ரே படம். வார்ப்புப் பட்டறைகளில் முப்பது ஆண்டுகள் மணலோடும் சாணையோடும் உழைத்தவர் அவர். படத்தில் தெரிந்த தழும்புகளின் பெயர் சிலிக்கோசிஸ்.

அச்சிறுவனின் ஆர்வத்தை நாங்கள் குறை கூறவில்லை. மழை குறைந்த அந்த வறள்நிலத்தில் கல் தேடுவது பழங்காலம் முதல் நடந்துவருவது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம் ஆகியவற்றில் மணிகள் செய்தனர் என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. நில உரிமையாளரின் அனுமதியுடன், வெயில் ஏறுமுன் சென்று, குழந்தைகளும் பெரியவர்களும் ஒன்றாகக் குனிந்து தேடும் ஒரு காலைப்பொழுது மனத்துக்கு நல்லது. மூச்சிரைப்பு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இன்ஹேலரையும் குடிநீரையும் மறவாமல் செல்லலாம். ஆனால் அகழாய்வு நடந்த இடத்தில் ஒரு மணியைக்கூட எடுக்கலாகாது.

ஆபத்து கல்லில் இல்லை. அதை உலர்ந்த நிலையில் தேய்ப்பதில் இருக்கிறது. படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் ஆகிய அனைத்தும் சிலிக்காவே. அதைச் சாணை பிடிக்கும்போது எழும் மிக நுண்ணிய துகள்கள் கண்ணுக்குத் தெரியா. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் ஆழத்தில் தங்கித் தழும்பை உண்டாக்கும் அவை, காசநோய் பற்றும் வாய்ப்பையும் கூட்டுகின்றன. அத்தழும்பை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. குஜராத்தின் கம்பாத் நகரில் அகேட் கற்களை வீட்டிலேயே பட்டை தீட்டும் குடும்பங்கள் இந்நோயால் நெடுங்காலமாக வருந்திவருகின்றன. சாணையில் அமர்ந்தவர் மட்டுமின்றி, அதே கூரையின்கீழ் வாழ்பவரும் அத்தூசியைச் சுவாசிக்க நேர்கிறது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் தொழிற்பகுதிக் குடும்பங்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. வார்ப்புப் பட்டறை, மணல் வீச்சால் துரு நீக்கும் பணி, கல் அறுப்பு ஆகியவற்றிலும் எழுவது அதே தூசிதான். சட்டப்படி, சிலிக்கோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். பாலை நிலம் மிகுந்த ராஜஸ்தான் 2019இல் இத்தகைய நோயாளிகளுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நம் தொழிலாளர்களுக்கும் அத்தகைய அக்கறை உரியது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதற்கு முதற்படியை நீங்களே எடுத்துவைக்கலாம். மருத்துவரைக் காண வரும்போது, இப்போதைய வேலையை மட்டுமன்று, இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த வேலையையும் சொல்லுங்கள். ஓய்வு பெற்றபின்னும் இந்நோய் வெளிப்படக்கூடும். நெடுநாள் இருமலைப் புகையின்மீதோ முதுமையின்மீதோ மட்டும் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். உலர்சாணையை வீட்டுக்குள் வைக்காதீர்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்நுண்தூசியைத் தடுக்காது. கல்லை மெருகேற்றியே ஆகவேண்டுமெனில், நீர் ஓடும் சாணை வைத்து முறையாகத் தொழில் செய்பவரிடம் கொடுங்கள்.

பெரியவரிடம் இவற்றை விளக்கினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "மெஷினை எடைக்குப் போட்டுடறேன்" என்றார். சிறுவனின் முகம் வாடியது. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, அவன் கற்களை அதனுள் இட்டோம். நனைந்ததும் வெண்கற்கள் தெளிந்தன. ஊதாக்கல் தன் நிறத்தைக் காட்டியது. இப்போது அக்கற்கள் அவர்கள் வீட்டுச் சன்னலோரம் தண்ணீரில் இருக்கின்றன என்று அடுத்த முறை வந்தபோது சிறுவன் சொன்னான்.