பேரைச் சரியா எழுது

"தேதி தெரியாதும்மா. எங்கப்பனைச் சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போன வருஷம். மரம் வெட்டு நின்னு போயி, தோட்டம் பூரா மரவள்ளி போட்டிருந்தாங்களாம்."

குடியுரிமை மனுவுக்காக நான் விவரம் கேட்கப் போன பாட்டி ஒருவர் இதைச் சொன்னபோது என் கையில் இருந்த பாரத்தில் பிறந்த தேதிக்கு எட்டுக் கட்டங்கள் இருந்தன. நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு நான்கு. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையில் ஒரு தேதி இருக்கத்தான் செய்கிறது. அது யாரோ ஒரு கிராணி தன் மனத்துக்குத் தோன்றியபடி போட்டது என்றார். சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டங்கூட்டமாக ஏற்றிப்போனது 1943 இல். நான்கு கட்டங்களில் அதை எழுதினேன். மீதி நான்கும் காலியாகக் கிடந்தன. பாட்டி சொன்ன மரவள்ளிக்கு அந்தப் பாரத்தில் இடமே இல்லை. வீட்டுக்கு வந்து என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

பல்கலைக்கழகப் படிப்பின் இறுதியாண்டில் மூன்று மாதத் தொழிற்பயிற்சிக்காகச் சிரம்பானில் உள்ள ஓர் அரசு சாரா இயக்கத்தில் சேர்ந்திருந்தேன். கடைவீட்டு மாடியில் இரண்டு மேசை, ஒரு நகலெடுக்கும் இயந்திரம். மாதம் 300 வெள்ளி. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், சிவப்பு அட்டையோடு முதுமை அடைந்தவர்கள், அட்டையே இல்லாதவர்கள் ஆகியோரின் விவரங்களை எழுதி, ஆவணங்களைத் தேடிக் கோப்பாக்கி, பதிவிலாகாவுக்கு அழைத்துப் போவதுதான் வேலை. லாபு, ரந்தாவ், சிலியாவ், சில நாள் பகாவ் வரைக்கும் போவோம். நண்பர்கள் விளம்பர நிறுவனங்களிலும் வானொலியிலும் பயிற்சிக்கு இடம் பிடித்திருந்தார்கள். "எழுத்தாளராகணும்னு சொல்லிட்டு பாரம் நிரப்பப் போறியே" என்று அத்தை வருத்தப்பட்டார். எனக்கும் அப்போது அந்த வருத்தம் இருந்தது.

நான் பிறந்தது போர்ட் டிக்சன் போகும் வழியில் ஒரு தோட்டத்தில். நான் முதலாம் ஆண்டு சேர்வதற்குள் கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். தாத்தாவுக்குத்தான் வெட்டுமரம் தெரியும், அப்பாவுக்கு லோரி தெரியும், எனக்குப் பள்ளிக்கூட பஸ்தான் தெரியும். ஆனாலும் நான் எழுதிய முதல் எட்டுக் கதைகளிலும் கித்தாக் காடு வந்தது. பனி படர்ந்த விடியல், வாளி சுமக்கும் தாய், குடிகாரத் தந்தை. எல்லாமே வேறு யாரோ எழுதிய கதைகளில் படித்தது. மங்கில் பால் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அதையெல்லாம் அந்தப் பாட்டி சொன்னார். காண்டாக் கம்பை எந்தத் தோளில் வைத்தால் மேட்டில் ஏறலாம், மழை வந்துவிட்டால் மங்கில் தண்ணீர் கலந்து அன்றைய கூலி எப்படிப் போகும், ஒட்டுப்பாலைச் சேர்த்து வைத்த சாக்கு நாறுவதால் பஸ்ஸில் ஏற்ற மறுத்தது, பிள்ளையை விடியற்காலை நாலரைக்கு ஆயாக் கொட்டகையில் விடும்போது அது அழாமல் இருக்க என்ன செய்தார் என்று. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எந்தெந்தத் தோட்டத்தில், எந்தெந்த ஆண்டு வேலை செய்தீர்கள்? பாரத்தின் ஏழாவது கேள்வி அது. ஆண்டைச் சொல்ல முடியாதவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். வாழ்க்கையையே பிரித்து வைத்து, அதிலிருந்து ஆண்டை நீ எடுத்துக்கொள் என்பார்கள்.

இந்த மண்ணிலேயே பிறந்து எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் எப்படிச் சிவப்பு அட்டையோடு இருக்கிறார் என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 1957 இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்பது பல தோட்டங்களுக்குள் போய்ச் சேரவே இல்லை. சேர்ந்த இடத்திலும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போக முடிந்தவர்கள் குறைவு. 1968 ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானது. பல்லாயிரம் பேர் கப்பலேறி, பலர் பார்த்தே இராத ஊர்களுக்குப் போனார்கள். போகாதவர்கள் ஏதோ ஓர் அட்டையோடு இருந்துவிட்டார்கள்.

அடுத்த தலைமுறையின் சிக்கல் வேறு. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்தால்தான் செல்லும். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சாப்பாடு போட்டவர்களில் பலர் பதிவுக்குப் போகவில்லை. சாமி முன்னால் நடந்த கல்யாணத்துக்குக் காகிதம் எதற்கு என்று இருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளையைச் சட்டம் தாயின் வழியாகத்தான் பார்க்கும். தாய்க்கே ஆவணம் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை, அப்பா நீல அட்டை வைத்திருக்கும் குடிமகனாக இருந்தாலும். இந்த ஒரு முடிச்சில் மாட்டிய நான்கு குடும்பங்களின் கோப்புகள் என் மேசையில் இருந்தன. 2011 இல் அரசாங்கம் நடத்திய மைடஃப்தார் இயக்கத்தில் பெயர் கொடுத்து, பிறகு எதையோ கொண்டுவரச் சொன்னதால் நின்றுபோனவர்களும் அவர்களில் உண்டு. 2018 இல் அறுபது வயதைத் தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை தரும் ஏற்பாட்டை அரசாங்கம் அறிவித்தபோது, பாட்டி இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். யாரும் வந்து சொல்லவில்லை, அவரும் எழுந்து போகவில்லை.

ஆவணம் தேடுவது பெரிய வேலை. தோட்டத்தில் ஆள் பெயர் பதியும் செக்ரோல் புத்தகம் இருந்தால் நல்லது, பழைய பள்ளிப் பதிவேடு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் தோட்டம் கைமாறும்போது ஆபீஸ் அலமாரிகள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரிவதில்லை. நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே போய் யாரிடம் செக்ரோல் கேட்பது?

நான்காவது முறை போனபோது பாட்டி ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். கோயில் ரசீது, பேரனின் பால்பல், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு சந்தா அட்டை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்க அட்டை. 1954 இல் தொடங்கி, பி. பி. நாராயணன் முதல் பொதுச் செயலாளராக இருந்து வளர்த்த சங்கம் அது. பாட்டி அதில் பத்தொன்பது ஆண்டுகள் சந்தா கட்டியிருக்கிறார். அட்டையில் பெயரைத் தோட்டக் கமிட்டித் தலைவர் தமிழில், உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தார்.

"பாரு. இதான் என் பேரு. கார்டுல இருக்குறது என் பேரு இல்ல."

உண்மைதான். அடையாள அட்டையில் ரூமியில் இருந்த பெயரைத் தமிழில் படித்தால் வேறொரு பெண்ணின் பெயர் போலிருந்தது. கிராணியின் காதில் விழுந்தது அவ்வளவுதான். லெட்சுமி என்ற ஒரே பெயரை நான்கு விதமாக எழுதிய நான்கு ஆவணங்களை ஒரே வீட்டில் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் சத்தியப் பிரமாணம் வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நாள் போகும். பாட்டியின் கோப்பில் ஓரிடத்தில் நானே அட்டையில் உள்ளபடியும் இன்னோரிடத்தில் அவர் சொன்னபடியும் எழுதிவிட்டேன். கோப்பு திரும்பி வந்தது. என் தவறால் ஒரு முதியவருக்கு ஐந்து வாரம் போனது. அதன் பிறகு எந்தப் பெயரையும் சொன்னவரிடம் திரும்பப் படித்துக் காட்டாமல் எழுதியதில்லை.

நான் கதை எழுதுகிறவள் என்பதை மேற்பார்வையாளர் அக்கா ஒரு நாள் பாட்டியிடம் சொல்லிவிட்டார். பாட்டி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"என்னைப் பத்தி எழுதுவியா?"

"எழுதலாமா பாட்டி?"

"எழுது. பேரைச் சரியா எழுது."

இயக்கத்தின் விதி அதற்கு நேர் எதிரானது. கோப்பில் உள்ள யாருடைய பெயரையும் வெளியே சொல்லக்கூடாது, எழுதக்கூடாது. அந்த விதி சரியானது, அதை மீற மாட்டேன். இந்தப் பத்தியிலும் மீறவில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் தவறாக எழுதப்பட்ட ஒரு பெயர், இப்போது என் கையால் எழுதப்படாமலே போகிறதே என்ற நினைப்பு என்னை விடவில்லை. பாட்டியின் கதையைப் பதினோரு முறை எழுதிவிட்டேன். கதையில் வரும் பெண்ணுக்கு வேறு பெயர் வைத்தால் வாக்கியங்கள் நடக்க மறுக்கின்றன. பெயரே இல்லாமல் எழுதிய எட்டாவது வடிவம்தான் ஓரளவு நிற்கிறது.

இரண்டாவது பயிற்சியை நானாகத் தேடிப் போனேன். பட்டம் முடித்து வேலை கிடைக்காமல் இருந்த ஆறு மாதம், சனிக்கிழமைகளில் ஒரு கல்வி மையத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ். இப்படிப்பட்ட வேலைக்கு நம் நாட்டில் நல்ல மரபு இருக்கிறது. 1979 இல் தொடங்கிய இ.டபிள்யூ.ஆர்.எஃப். அறவாரியம், 1982 இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இரண்டும் படித்த இளைஞர்களைத் தொண்டர்களாக்கி வகுப்பெடுக்க வைத்தவை. என் அண்ணனே அப்படி ஒரு வகுப்பில் படித்துத்தான் கணக்கில் தேறினான்.

முதல் சனிக்கிழமை 'என் வீடு' என்று எழுதச் சொன்னேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் வீட்டின் முன்னால் அழகிய பூந்தோட்டம் இருப்பதாக எழுதினார்கள். ஒன்பது பேரும் இருப்பது மலிவு விலை அடுக்குமாடியில். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள். ஒரு பையன் நான்காவது மாடியில் இருக்கிறான், லிப்ட் ஓடுவதில்லை. அவன் கட்டுரையிலும் வண்ணத்துப்பூச்சி பறந்தது. ஆறாம் ஆண்டு இறுதியில் வைத்துவந்த யு.பி.எஸ்.ஆர். சோதனையை 2021 இல் எடுத்துவிட்டார்கள், அதற்காகப் பழக்கிய எழுத்து மட்டும் போகவில்லை. இரண்டு மரபுத்தொடர், ஓர் இரட்டைக்கிளவி, ஒரு திருக்குறள், முடிவில் அறிவுரை. எங்கள் ஆசிரியர்கள் புள்ளி வாங்கித் தருவதற்காகச் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் என் எட்டுக் கதைகளிலும் இருந்தது இதே பூந்தோட்டம்தான் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. நான் பார்க்காத கித்தாக் காடும் அவர்கள் வீட்டில் இல்லாத ரோஜாச் செடியும் ஒரே கடையில் வாங்கியவை.

அடுத்த வாரம் அந்தப் பையனிடம், மாடிப்படி ஏறும்போது என்ன சத்தம் கேட்கும் என்று மட்டும் கேட்டேன். அரைப் பக்கம் எழுதினான். இரண்டாவது மாடி ஆன்ட்டி வீட்டுக் கிளி, மூன்றாவது மாடியில் இருமும் தாத்தா, அவனுடைய பாட்டி அரிசிப் பையை ஒவ்வொரு படியாக வைத்து வைத்து ஏறும் சத்தம். எழுத்துப் பிழை பதினேழு. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எழுதப் பழகுகிறவர்களுக்குக் கற்றுத்தர ஒரு காலத்தில் இந்த நாட்டில் பத்திரிகைகள் இருந்தன. 1950 களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதையை எப்படி எழுதுவது என்று நாளிதழ் வழியாகவே பாடம். அதில் பழகியவர்கள் பிறகு இந்நாட்டு இலக்கியத்தின் முன்னோடிகளானார்கள். அதையடுத்து கு. அழகிரிசாமி அதே நேசனில் 1957 வரை பணியாற்றி, எழுதுகிறவர்களைக் கூட்டி வைத்துக் கதையைக் கதையாகப் பேசச் செய்தார். நான் எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தபோது, 2019 ஜனவரி 31 அன்று, நேசன் நின்றுபோனது. என் முதல் கதையை அனுப்ப உறை வாங்கி வைத்திருந்தேன்.

மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986 முதல் நடத்தும் பேரவைக் கதைகள் போட்டி என்னைப் போன்றவர்களுக்கு ஒரு கதவு. இரண்டு முறை அனுப்பினேன், இரண்டு முறையும் தேர்வாகவில்லை. இரண்டும் பூந்தோட்டக் கதைகள். தேர்வு செய்யாதவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். பயிற்சிக்குப் பிறகு எழுதிய மூன்றில் ஒன்று ஓர் இதழில் வந்தது, படிக்கட்டுச் சத்தம் பற்றியது. இன்னொன்று மேசையில் இருக்கிறது. மூன்றாவது பாட்டியின் கதை.

தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்களின் தொழிற்பயிற்சிப் பட்டியலில் இப்படிப்பட்ட இயக்கங்களைச் சேர்க்க வேண்டும் என்று துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசுமாவது போதுகிற அளவுக்குக் கொடுங்கள். 300 வெள்ளியில் சிரம்பானுக்கு வந்துபோக வசதி இல்லாத தோட்டத்துப் பிள்ளைதான் உங்களுக்கு வேண்டிய ஆள். அந்தப் பிள்ளைக்குத்தான் பாட்டி பேசும் தமிழ் பாதியாவது புரியும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சிவப்பு அட்டையோடு ஒரு முதியவர் இருந்தால், சந்தா அட்டை, பள்ளிச் சான்றிதழ், ஊழியர் சேமநிதிக் காகிதம் எதுவாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பிஸ்கட் டின்னில் இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். பெயரை அவர் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள்.

பாட்டியின் கோப்பைத் திருத்தி மறுபடி கொடுத்திருக்கிறோம். என் பயிற்சி முடிந்து ஓராண்டுக்கு மேலாகிறது, ஆனாலும் அவர் என்னைத்தான் கூப்பிடுகிறார். வரும் புதன்கிழமை நேர்காணல். காலை ஏழு மணிக்கு லயத்து முனையில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சந்தா அட்டையையும் எடுத்து வருகிறார்.