விருதுநகரிலேயே கிடைக்கட்டும் ஐ.யு.ஐ.

கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருக்காது, அதற்குள் "என்ன, ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்காத ஆள் திருச்சுழிப் பக்கம் இல்லை. இரண்டு வருடம் போனால் அந்தக் கேள்வி பெண்ணை மட்டுமே பார்த்துக் கேட்கப்படுகிறது. வேண்டுதல், நாட்டு மருந்து எல்லாம் முடிந்த பிறகு மதுரைக்குப் பஸ். அங்கே சுவர் விளம்பரம் சொல்லும் 'இலவச ஆலோசனை'யில் ஆலோசனை மட்டும்தான் இலவசம்.

குழந்தையின்மைக்கான முதல்கட்டச் சிகிச்சைகளில் ஒன்றான ஐ.யு.ஐ. இந்த மாவட்டத்துக்குள்ளேயே, அரசு மருத்துவமனையில், கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். பெரிய வித்தை எதுவும் அதில் இல்லை. மாதவிலக்கின் தொடக்க நாட்களில் ஐந்து நாள் மாத்திரை. ஒன்பதாம் நாள் வாக்கில் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். முட்டை பக்குவமானதும் ஓர் ஊசி. சுமார் 36 மணி நேரம் கழித்து, கணவரின் விந்துவைக் கழுவி, நல்ல ஓட்டமுள்ள அணுக்களைப் பிரித்து, அரை மில்லி அளவில் மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுகிறார்கள். சில நிமிட வேலை; மயக்க மருந்து தேவையில்லை. மைக்ரோஸ்கோப்பும் சென்ட்ரிஃபியூஜும் ஸ்கேனும் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் புதியவை அல்ல.

தம்பதியரை ஓயவைப்பது அலைச்சல்தான். நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அருப்புக்கோட்டை வந்து, அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 50 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு நாலைந்து நாள் கூலி போகிறது. ஊசி போடும் நாளில் காசு இல்லையென்றால் அந்த மாதம் வீண். முட்டை சம்பள நாளுக்காகக் காத்திருக்காது.

ஐ.யு.ஐ.யில் பலன் குறைவு, நேராகச் சோதனைக்குழாய் முறைக்கு, அதாவது ஐ.வி.எஃப்.புக்கு, போகலாம் என்பார்கள். ஒரு சுற்றில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்குத்தான் கரு தங்குகிறது என்பது உண்மை. ஆனால் காரணம் புலப்படாத குழந்தையின்மையுள்ள தம்பதியரிடம் நியூசிலாந்தில் நடந்த ஆய்வு 2018-இல் லான்செட் இதழில் வெளியானது. மாத்திரையோடு மூன்று சுற்று ஐ.யு.ஐ. செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 31 பேருக்குக் குழந்தை பிறந்தது. சும்மா காத்திருந்தவர்களில் 9 பேருக்கு. லட்சங்களைக் கடன் வாங்கும் முன் இதைச் செய்து பார்ப்பதே நியாயம். ஆனால் இரண்டு கருக்குழாயும் அடைத்திருந்தாலோ, விந்தணு மிகமிகக் குறைந்திருந்தாலோ இது பயன்படாது. குழாயைச் சோதிக்காமலேயே சுற்றுமேல் சுற்றாக ஐ.யு.ஐ. செய்தால் அது பணப்பறிப்பு.

இனி ஆண்கள். குழந்தையின்மையில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் குறைக்கும் பங்குண்டு. இந்தக் கரிசல் சீமையில் கருவேல விறகைக் கரிக்காக மூட்டம் போட்டு, அந்த அனலிலேயே நாள் முழுக்க நிற்பவர்கள் எத்தனை பேர்! விடாத சூடு விந்தணுவைக் குறைக்கும். புகையிலையும் அப்படியே. புதிய விந்தணு உருவாகச் சுமார் 70 நாள் ஆகும் என்பதால், பழக்கத்தை மாற்றி மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால் சிலருக்கு முன்னேற்றம் தெரியலாம். செலவு குறைந்த இந்த விந்துப் பரிசோதனைக்குக் கணவரை வரச் சொல்லத்தான் யாருமில்லை. வந்தாலும், தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸைக் காட்டி மாதிரி கொடுக்கச் சொன்னால் எந்த மனுஷன் மறுபடி வருவான்? உள்ளே தாழ் போடக்கூடிய ஓர் அறையைக் கட்டக் கோடிகள் வேண்டாம்.

ஐ.யு.ஐ. மட்டும் செய்யும் மையமும் 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற மையங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஒவ்வோர் அரசு மருத்துவமனை வாசலிலும் ஒட்டட்டும்.

கோவா 2023-இலேயே தன் அரசு மருத்துவக் கல்லூரியில் இலவசக் கருத்தரிப்புச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டது. நம் மாநிலத்தில் எழும்பூரில் அரசு மையம் இருக்கிறது. திருச்சுழிக்காரருக்கு அது வேறு தேசம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். வாரத்தில் குறிப்பிட்ட கிழமைகளில் அங்கே ஐ.யு.ஐ., ஸ்கேன் நாட்களுக்கு அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை என்ற ஏற்பாட்டை வரும் மானியக் கோரிக்கையிலேயே சுகாதார அமைச்சர் அறிவிக்க வேண்டும். அதுவரை, ஒரு வருடமாகியும் கரு தங்காத வீடுகளில் மருமகளை இழுத்துக்கொண்டு அலையும் முன், மகனை விந்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.