ஆடும் கண்கள்

வீடெங்கும் ஓடித் திரிந்த ஒன்றரை வயதுக் குழந்தை சில நாட்களுக்குள் தள்ளாடத் தொடங்குகிறது. கை நடுங்குகிறது, உறக்கமில்லை, ஓயாத அழுகை. பின்னர் ஒரு நாள் தாய் அதன் முகத்தை உற்று நோக்கித் திடுக்கிடுகிறாள். கருவிழிகள் இரண்டும் எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றித் துள்ளுகின்றன. இமைகளை மூடிய பின்னும் ஆட்டம் நிற்பதில்லை.

விழிகளின் இந்தத் துள்ளலுக்கு 1913-ல் 'ஆப்ஸோக்ளோனஸ்' என்று பெயரிட்டவர் போலந்து தேசத்து நரம்பு வைத்தியர் ஆர்ஷெகோவ்ஸ்கி. 1962-ல் இங்கிலாந்தில் டாக்டர் கின்ஸ்போர்ன், ஆறு குழந்தைகளிடம் கண்ட இந்நோயை விவரித்து எழுதினார். மிக அபூர்வமான வியாதி. பிரிட்டனில் எடுத்த கணக்கின்படி ஐம்பது லட்சம் ஜனங்களுக்கு ஆண்டில் ஒரு குழந்தை.

கண்ணும் காலும் ஆடினால் கோளாறு மூளையில்தான் என்று நாம் எண்ணுவோம். ஆனால் இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வயிற்றிலோ மார்பிலோ, முதுகெலும்பின் ஓரமாக, 'நியூரோபிளாஸ்டோமா' என்னும் கட்டி ஒளிந்திருக்கிறது. இந்த உறவை 1968-ல் வைத்தியப் பத்திரிகைகள் எடுத்துக் காட்டின. கட்டி மூளைக்குப் பரவுவதில்லை. அது நரம்பு வம்சத்து அணுக்களால் ஆனது. அதை எதிர்க்கக் கிளம்பும் தேகத்தின் காவற்படை, அதே சாயலுள்ள சிறுமூளையையும் பகைவனென்று மயங்கித் தாக்குகிறது என்பது வைத்தியர்களின் கருத்து. காவலனே வீட்டில் தீ வைத்த கதைதான்!

இக்குழந்தைகளின் கட்டி பெரும்பாலும் சிறியது. சத்திர சிகிச்சையால் அகற்றிவிடலாம். உயிருக்கு ஆபத்து குறைவு. பெற்றோர் பெருமூச்சு விடுகிறார்கள். ஆயினும் காவற்படை ஓய்வதில்லை. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், ரிட்டுக்ஸிமாப் முதலிய மருந்துகளால் மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில், அதை அடக்க வேண்டியிருக்கிறது. சாதாரண ஜலதோஷம் வந்தாலும் ஆட்டம் திரும்பக்கூடும். பலருக்குப் பேச்சிலும் படிப்பிலும் சுபாவத்திலும் குறை தங்கிவிடுகிறது. கட்டியைவிட இதுவே நமக்குக் கொடியதாகத் தோன்றுகிறது.

தொடக்கத்தில் இதை ஜுரத்தின் பின்விளைவென்று கருதி வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. விழியாட்டம் விட்டு விட்டு வருவது. வைத்தியர் பார்க்கும் வேளையில் கண்கள் சாதுவாய் இருந்துவிடும். ஆதலால் ஆட்டம் கண்ட கணமே கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நரம்பு வைத்தியரிடம் செல்வது நலம். முதல் ஸ்கானில் கட்டி அகப்படாவிட்டால், மறுபடியும் தேட வேண்டுமா என்று தயங்காமல் கேட்கலாம்.