பூட்டுவோரும் அவரே, திறப்போரும் அவரே!

மேல்வட்டைக்காரன் வாய்க்காலை மறித்தால் கீழ்வட்டை கருகும். கல்லோயாவின் கடைமடையில் வேளாண்மை செய்யும் கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை விவசாயிகளுக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதே மறிப்பு இன்று அறிவுத் துறையிலும் நிகழ்கின்றது. செயற்கை நுண்ணறிவை இயக்கும் உயர்தரக் கணினிச் சிப்புகளை எந்நாடு பெறலாம், எந்நாடு பெறலாகாது என்பதை அமெரிக்கா ஒன்றே தீர்மானிக்கின்றது.

2022 ஒக்டோபரில் சீனாவை நோக்கிப் பெரும் பூட்டு மாட்டப்பட்டது. 2025 ஜனவரியில், பதவி நீங்க ஒரு வாரமே இருந்த பைடன் அரசாங்கம் உலகையே மூன்று வரிசைகளாக வகுத்தது. பிரித்தானியா, யப்பான், தாய்வான் முதலிய 18 நேச நாடுகள் முன்வரிசையில்; சீனா, ரஷ்யா போன்றவை கடைவரிசையில்; இலங்கையும் இந்தியாவும் உட்பட எஞ்சியவை நடுவரிசையில், அளவுப் பங்கீட்டுடன்! அதே ஆண்டு மே 15ஆம் திகதி நடைமுறைக்கு வரவிருந்த அவ்விதியை, இரு நாட்களுக்கு முன்னர் டிரம்ப் அரசாங்கம் கைவிட்டது. பூட்டியபோதும் நம்மைக் கேட்டாரில்லை, திறந்தபோதும் கேட்டாரில்லை.

போராயுதத்துக்கு உதவும் கருவியைப் பகைவனிடம் கொடுக்கலாமா என வினவுவர். வினா நியாயமானதே. ஆனால் 2025 ஏப்பிரலில் எச்20 என்னும் சிப்பை அனுமதியின்றிச் சீனாவுக்கு விற்கலாகாதென்ற அரசாங்கம், ஆகஸ்டில் விற்பனை வருவாயில் 15 வீதம் தனக்குத் தரும் உடன்பாட்டுடன் விற்பனைக்கு இணங்கிற்றே! ஏப்பிரலில் இருந்த ஆபத்து ஆகஸ்டில் எங்கே போயிற்று? காவற்காரர் ஆயக்காரரானார் என்பதன்றி இதற்கு வேறு பொருள் உண்டோ?

இத்தகைய பூட்டு இலங்கைக்குப் புதிதன்று. கொரிய யுத்தகாலத்தில் சீனாவுக்கு இறப்பர் விற்கலாகாதெனத் தடை எழுந்தது. நாட்டிலோ அரிசித் தட்டுப்பாடு. 1952 டிசம்பரில், பொதுவுடைமையுடன் எவ்வித உறவுமற்ற ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே சீனாவுடன் ஒப்பந்தம் செய்தது: ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி. அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. எனினும் நம் அடுப்புகள் எரிந்தன. இந்தியாவுக்கும் 1980களில் அது கேட்ட பெரிய கிறே கணினி மறுக்கப்பட்டு, வானிலைப் பணிக்கெனச் சிறியதொன்றே விற்கப்பட்டது. இந்தியா 1988இல் சி-டாக் நிறுவனத்தை அமைத்தது. 1991இல் பரம் 8000 பிறந்தது.

அன்று இறப்பர் நம் கையிலிருந்தது. இன்று சிப்பு நம் கையிலில்லை. ஆயினும் வாஷிங்டனைச் சாடிவிட்டுக் கொழும்பை விட்டுவிட மாட்டோம். கைவிடப்பட்ட அவ்விதியிற்கூட, ஏறத்தாழ 1,700 சிப்புகள் வரையான சிறு கொள்வனவுக்கு உத்தரவுப் பத்திரம் தேவைப்படவில்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு அதிற் சிறு பகுதியே போதும். எனவே, வாசல் முழுதும் அடைபட்டிருந்ததென்று எந்த அமைச்சரும் சாக்குரைக்க இயலாது.

2024 நவம்பர் வெள்ளத்தில், மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்ட துயரை இக்கரையோரம் மறவாது. கணினி அப்பிள்ளைகளைக் காத்திருக்குமென்று நாம் கூறவில்லை. ஆனால் எவ்வீதியில் எப்பொழுது வெள்ளம் ஏறும் என நம் ஆறுகளுக்கும் நம் வட்டைகளுக்கும் கணித்து, தமிழிலே எச்சரிக்கும் ஏற்பாட்டை அயலார் வந்தா ஆக்கித் தருவர்? நம் மொழியை இயந்திரத்துக்குக் கற்பிக்கும் பொறுப்பு எவருடையது?

ஆகவே நாம் கேட்பது இதுவே: பொதுப்பணத்தில் ஒரு கணிப்பு நிலையம் எழட்டும். அதில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஏனைய மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய பங்கு எழுத்தில் உறுதி செய்யப்படட்டும். வாஷிங்டன் திறந்துவிடும் நீரைக் கொழும்பு மறிக்குமாயின், நமக்கு இருவரும் ஒருவரே. கற்றோரே, விவசாயப் பெருமக்களே! கேளாதவனுக்குப் பங்கு வந்ததாக வரலாறில்லை. உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் இன்றே கேளுங்கள்!