மாதவிடாய்க் கணக்கும் ஓர் அமானிதம்தான்



விட்டுப்போன நோன்புகளைக் கழாச் செய்ய நாள் எண்ணி வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். உம்மாமார் கலண்டரில் ஒரு புள்ளி போடுவார்கள். வாப்பாவோ நானாவோ அது என்னவென்று கேட்கமாட்டார்கள். இன்று பிள்ளைகள் அந்தப் புள்ளியைப் போனில் உள்ள செயலியில் போடுகிறார்கள்.

நாளோடு நின்றால் பரவாயில்லை. வலி, மனநிலை, எடை, தூக்கம், தாம்பத்தியம், கர்ப்பம் வரை அது கேட்கிறது. சொந்த ராத்தாவிடமே சொல்லக் கூசுவதை அதனிடம் சொல்லிவிடுகிறோம்.

சொன்னது எங்கே போகிறது? ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலியை 10 கோடிக்கு மேற்பட்டோர் பாவித்தார்கள். தரவை இரகசியமாக வைப்போம் என்று வாக்களித்துவிட்டு, பேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குக் கொடுத்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2021இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, அந்த நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது.

"நீங்கள்தானே சம்மதித்தீர்கள்" என்பார்கள். பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருக்கும் நிபந்தனையை 15 வயதுப் பிள்ளை வாசித்தா பொத்தானை அழுத்துகிறது? விளங்காமல் கொடுத்தது சம்மதமாகாது. பிறர் இரகசியம் அமானிதம் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். அமானிதத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று பார்ப்பதும் அந்தப் பாடத்தின் பாதிதான்.

சட்டம் இருக்கிறது. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் சிறுவர்களின் தரவையும் விசேட வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் அது முழுதாக அமுலுக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. அதுவரை காவல் நாம்தான்.

செயலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதவிடாய் ஒழுங்கில்லாத பிள்ளைக்கு டொக்டரிடம் காட்ட ஒரு பதிவு தேவை. அதற்கு ஒரு கொப்பி போதும். போனில்தான் வேண்டுமென்றால், கணக்குத் திறக்கச் சொல்லாமல் தரவைப் போனுக்குள்ளேயே வைத்திருப்பதைத் தேடுங்கள். ட்ரிப் அப்படியான ஒன்று. ஏற்கெனவே வேறொன்றைப் பாவிப்பவர்கள் அதை போனிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. முதலில் கணக்கையும் தரவையும் அழிக்கும்படி செயலிக்குள்ளேயே கேளுங்கள்.

உம்மாமாரே, இதை மகளோடு பேசுங்கள். போனைப் பறிப்பதற்காக அல்ல. தன் உடலைப் பற்றிய செய்தி தன்னுடையது, அதைக் கேட்கும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். போனுக்கு வெளியேயும் அவளுக்கு அது உதவும்.