வெள்ளிக்கிழமையும் பலாக்கொட்டையும்

இலங்கையில் அரச ஊழியருக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. எரிபொருளும் மிச்சம், வீட்டுத்தோட்டமும் வளரும் என்று 2022 ஜூனில் அமைச்சரவை எடுத்த முடிவு இது. 2021 மேயில் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் அதைக் கைவிட்டவர்கள்தான் அப்போது எங்களுக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லித் தந்தார்கள். இருக்கட்டும், முடிவை வரவேற்றோம். கத்தரி, மிளகாய், கீரை பற்றி விவசாயப் போதனாசிரியர்களுக்கு நாங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை.

எங்கள் கவலை வேறு. அந்த மூன்று மாதமும் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் பலாக்காலம். கொடிகாமத்திலும் சாவகச்சேரியிலும் பழம் குவிகிறது. சுளை போனபின் கொட்டையில் கொஞ்சம் ஒடியற்கூழுக்கு, கொஞ்சம் கறிக்கு, மிச்சம் குப்பைக்கு. மழைக்காட்டு மரத்தின் விதை அல்லவா, காய்ந்தால் செத்துவிடும். உலர்த்திப் பைக்கற்றில் அடைக்க முடியாததால் எந்த விதை விநியோகத்திலும் அது வருவதில்லை. ஒரு மாதம் கடந்தால் முளைதிறனை நம்ப முடியாது. பலாக்காலத்திலேயே பையில் ஊன்றினால் மாரி தொடங்கும்போது நடுவதற்குக் கன்று இருக்கும். இறுகிய சுளையுள்ள வருக்கனின் கொட்டை, குழைந்த சுளையுள்ள கூழனாய் வந்துவிடலாம் என்பவர்கள் அதை ஒட்டுக்கட்டையாக வைத்துக்கொண்டு, தெரிந்த தாய்மரத்திலிருந்து முளை எடுக்கட்டும்.

ஆனால் யார் நடுவார்? கேள்வி அங்கேதான் முட்டுகிறது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் காக்கிறது. நோக்கம் நல்லது. சிங்களத்தில் சோற்று மரம் என்று பெயர் பெற்ற பலாவைக் காக்க வேண்டியதுதான். ஆனால் தன் காணியில், தன் கிணற்றுத் தண்ணீரில் வளர்த்த மரத்தை, பட்டுப்போகும் நிலையிலும் அனுமதியின்றித் தொட முடியாது என்றால் அடுத்த கன்றை எவன் வைப்பான்? என் வளவில் கூரைமேல் சாய்ந்த பலாவுக்காக ஒரு காரியாலயத்துக்கு நான்கு தடவை நடந்தேன். ஐந்தாம் தடவைக்கு முன் மரமே விழுந்து ஓட்டை உடைத்தது. விழுந்த மரத்தை ஏற்றிச்செல்லவும் அனுமதி கேட்டார்கள்.

2000ஆம் ஆண்டில் போரில் தென்மராட்சி எரிந்தபோதும் இதே சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. குடாநாடெங்கும் காப்பரணுக்காகத் தறித்த பனைகளுக்கு எவரும் பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றதாக நாம் அறியோம். செல் விழுந்து தலையிழந்த பலாக்களுக்கு நட்டஈடும் இல்லை. கதவுக்கும் மிருதங்கத்துக்கும் பலாமரம் தேடும் ஏழைத் தச்சனிடம் மட்டும் சட்டம் மிக விழிப்பாக இருக்கிறது.

நாங்கள் கேட்பது சட்டத்தை நீக்கும்படி அல்ல. நட்டவர் பெயரில் கன்றைப் பதிவு செய்யட்டும். ஒன்று வெட்டினால் இரண்டு நட வேண்டும் என்று விதிக்கட்டும். விண்ணப்பத்துக்கு ஒரு வாரத்தில் பதில் சொல்லட்டும். 1951இல் எழுதிய பிரிவுகளைத் திருத்த ஒரு வெள்ளிக்கிழமை போதும்.

அதுவரை, வாசகரே, பலாக்காலத்தில் சந்தைக்குப் போகையில் ஒரு பை கொண்டுபோங்கள். சுளை விற்பவரிடம் கேட்டால் கொட்டையைச் சும்மா தருவார். கழுவி, நிழலில் வைத்து, காயவிடாமல் ஒரு கிழமைக்குள் ஊன்றிவிடுங்கள்.