“மாஸ்க்” என்று கேட்டோம், துணி வந்தது

போன மாதம் எங்கள் தோட்டத்து ஸ்டோரில் மாஸ்க் கொடுத்தார்கள். நீலத் துணி, ஆளுக்கு இரண்டு. சான்றிதழ் கொடுக்கும் வெளியாட்கள் வருவதற்கு முதல் நாள் அது கைக்கு வந்தது. அவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனபின் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் தோட்டத் தலைவர் கையெழுத்து வைத்த தாளில் மட்டும் “சுவாசப் பாதுகாப்பு வழங்கப்பட்டது” என்று இருக்கிறது.

துரையைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் நாம் கொடுத்த கோரிக்கைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். எழுதியது நான்தான். சம்பளத்துக்கும் கொழுந்து நிறைக்கும் இரண்டு பக்கம். மூச்சுக்கு ஒரே ஒரு வரி: “ஸ்டோர் தொழிலாளருக்கு மாஸ்க் வழங்க வேண்டும்.” மாஸ்க் கேட்டோம், மாஸ்க் வந்தது. வகுப்பில் கேள்வியைப் பிழையாகக் கொடுத்துவிட்டு, விடைக்குப் புள்ளி வெட்ட முடியாது.

தூள் சலிக்கும் அறையில் ஒரு மணித்தியாலம் நின்றவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. காய்ந்த தூள் சல்லடையில் குலுங்கும்போது மொட்டின் மேலிருக்கும் நுண்ணிய மயிர் உதிர்ந்து பஞ்சாகப் பறக்கும். அக்காமாரின் இமையிலும் தலைமுடியிலும் படியும். கண்ணுக்குத் தெரிகிற இந்தப் பஞ்சில் பெரும்பகுதி மூக்கோடு நின்று தும்மலில் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நெஞ்சுக்குள் இறங்குகிறது. “தேயிலைத் தூசிதானே, நல்ல வாசம்” என்று சிரிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். இந்நாட்டு மார்பு நோய் மருத்துவர் சி. ஜி. உரகொட 1970 இலேயே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையொன்றில் “டீ மேக்கர் ஆஸ்துமா” என்ற தலைப்பில் எழுதினார். 1980 இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றி மறுபடியும் எழுதினார். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த சங்கதிக்குத்தான் துணி கொடுக்கிறார்கள்.

துணி மாஸ்க், நம் எச்சில் அடுத்தவர் மேல் தெறிக்காமல் இருக்கக் கொரோனா காலத்தில் போட்டது. ஆஸ்பத்திரி மாஸ்க்கும் அப்படித்தான். கன்னத்தோரம் திறந்திருக்கும். மூச்சை இழுக்கும்போது காற்று எந்த வழி லேசோ அந்த வழியாகத்தான் வரும், தூசியும் கூடவே வரும். நாம் கேட்க வேண்டியது முகத்தோடு ஒட்டி நிற்கும் சுவாசக் கவசம். அதன் மேலேயே என் 95 அல்லது எஃப்.எஃப்.பி. 2 என்று அச்சிட்டிருக்கும். முதலாவது நுண்துகளில் குறைந்தது 95 சதவீதத்தையும், இரண்டாவது 94 சதவீதத்தையும் பிடிக்க வேண்டும் என்பது அளவுகோல். ஒரு பட்டி உச்சந்தலைக்கும் மற்றது பிடரிக்கும் போகும். மூக்குக் கம்பியை அழுத்தி, இரண்டு கையாலும் மூடிப் பலமாக ஊதிப் பாருங்கள். ஓரத்தால் காற்று வந்தால் பொருந்தவில்லை. ஒரே அளவு எல்லா முகத்துக்கும் பொருந்தாது, ஆகவே சின்ன முகங்களுக்குச் சின்ன அளவும் வேண்டும். தாடி வளர்க்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: தாடிக்கு மேல் எந்தக் கவசமும் ஒட்டாது.

பட்டறையில் கதை வேறு. அங்கே தூசி, புகை, ஆவி மூன்றும் உண்டு. நாகம் பூசிய தகரத்தை வெல்டிங் செய்துவிட்டு அன்றிரவே காய்ச்சல், நடுக்கம், வாயில் உலோக ருசி என்று படுப்பவர்கள் அதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து டிஸ்பென்சரியில் பனடோல் வாங்குகிறார்கள். அது நாகப் புகை தரும் காய்ச்சல். அதற்கு வெல்டிங் கவசத்தின் உள்ளே அடங்கும் ரப்பர் அரைமுகக் கவசமும் பி 3 அல்லது பி 100 வடிகட்டியும் வேண்டும். பெயின்ட், தின்னர் ஆவிக்கோ தூசி வடிகட்டி எதுவும் உதவாது. கரி நிரப்பிய குப்பி தேவை. ஐரோப்பிய வகையில் அதற்கு ‘ஏ’ என்ற எழுத்தும் மண்ணிறப் பட்டையும், அமெரிக்க வகையில் கறுப்பும் அடையாளம். போட்டிருக்கும்போதே தின்னர் மணத்தால் குப்பி முடிந்துவிட்டது. அடுப்பறையில் விறகு சரியாக எரியாமல் வரும் காபன் மொனொக்சைட்டை மேலே சொன்ன எதுவும் நிறுத்தாது. அங்கே காற்றோட்டம்தான் உயிர்.

“கொடுத்தாலும் அதுகள் போடாதுகள்” என்பது நிர்வாகத்தின் பழைய பாட்டு. நம்மை ‘அதுகள்’ என்பதை ஒரு பக்கம் வைப்போம். ஏன் போடுவதில்லை? தூசி அடைத்ததும் மூச்சு இழுக்கக் கனக்கிறது. மாற்றக் கேட்டால் அடுத்த மாதம் வா என்கிறார்கள். துவைக்கவும் முடியாது, துவைத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கும் மின்னேற்றம் போய்விடும். டிரையர் பக்கத்துச் சூட்டில் எட்டு மணித்தியாலம் அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்கிறவர் அரை மணித்தியாலம் நின்று காட்டட்டும். அடைத்ததும் புதியது, இடையிடையே கழற்றி மூச்சு விட நேரம், ஏற்கெனவே இழுப்பு உள்ளவருக்குப் பெயர் குறையாமல் வேறு வேலை, இவை இல்லாமல் கொடுப்பது வெறும் படத்துக்குத்தான்.

அதோடு, கவசம் முதல் கோரிக்கையும் அல்ல. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தூசி எழும் வேலையில் அது மூக்குக்குப் போகாமல் தடுக்க முடிந்ததையெல்லாம் செய்யச் சொல்கிறது. முடிந்த இடத்தில் தூசி பிறக்கும் இடத்துக்குக் கிட்டவே உறிஞ்சும் விசிறியும் வைக்கச் சொல்கிறது. எங்கள் ஸ்டோரில் விசிறி இருக்கிறது, பட்டிதான் அறுந்து கிடக்கிறது. அதன் கீழே ஓர் அக்கா காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கிப் பெருக்கி, படிந்த தூசியை மறுபடி எழுப்புகிறார். விசிறியைத் திருத்து, சல்லடைக்கு மூடி போடு என்பது முதல் வரியாகவும், கவசம் இரண்டாம் வரியாகவும் இருக்கட்டும். இரண்டாம் வரியில் வகை, அளவு, எத்தனை நாளைக்கு ஒன்று என்பதெல்லாம் இருக்க வேண்டும். இனி “மாஸ்க்” என்ற சொல்லுக்கு எந்தத் தலைவரும் கையெழுத்து வைக்கக் கூடாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன், எந்த மெஷினில் தூசி, எந்த விசிறி ஓடவில்லை, எத்தனை பேர் இருமுகிறார்கள் என்று ஒவ்வொரு ஸ்டோரிலும் எழுதி வாருங்கள். போன மாதம் கொடுத்த துணியில் ஒன்றையும் கொண்டு வாருங்கள். தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்குப் போகும் கடிதத்தோடு அதைப் பின் அடித்து அனுப்பப் போகிறோம்.